அக்கா நடந்து வந்த கார் பயணம்

முட்டாள்களில் இரண்டு வகை உண்டு. தெரியாமல் குழியில் விழுகிறவன் ஒரு வகை. ஊரைக் கூட்டிவைத்து, குழி எவ்வளவு ஆழம், எவ்வளவு அழகு என்று விளக்கிச் சொல்லிவிட்டு விழுகிறவன் இன்னொரு வகை. இருபத்தாறு வயதில் நான் இரண்டாவது வகையில் முதல் ஆளாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். கூடவே காலனி நலச் சங்கத்துக்குச் செயலாளரும் ஆனார். காரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சங்கத்தை அவர் வைத்துக்கொண்டார். செயலாளராக அவர் சாதித்தது ஒரு ஸ்பீட் பிரேக்கர். மணல் லாரிகள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிப் பறந்துகொண்டிருந்தன. அப்பா ஒரு வருடம் மனு மேல் மனு போட்டார். அப்புறம் பொறுமை போய், ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று தானே கட்டிவிட்டார். பேர்தான் ஸ்பீட் பிரேக்கர். பார்த்தால் தெருவின் குறுக்கே யாரையோ புதைத்து மேடு கட்டியது போல இருக்கும்.

அந்தக் காரில்தான் நான் தினமும் கிண்டிக்கு வேலைக்குப் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் ஓணான், ஆபீஸில் ஒருவன் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகையில் வந்தது. அதில் எங்கள் காரைப் போலவே ஒரு குட்டிக் கார், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. இப்படி இறக்கினால் வேகமாக வளையும்போது கார் சாயாது என்று கீழே எழுதியிருந்தார்கள். (முடிச்சூர் சாலையில் வேகமாக வளைய இருந்த ஒரே வளைவு, நடுரோட்டில் படுத்திருக்கும் எருமையைச் சுற்றிப் போவதுதான். அதை இருபது கிலோமீட்டரில் எடுத்தாலே எருமை கோபித்துக்கொள்ளும்.)

பத்திரிகைக்காரன் மூட்டிய நெருப்புக்கு ஊதுகுழலாக, ரேஸ் ஓட்டும் ஒருவர் தன் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஸ்ப்ரிங் செட் ஒன்று என் கண்ணில் பட்டது. ஸ்ப்ரிங்கின் அடியில் மரையுள்ள ஒரு வளையம் இருக்கும். கொக்கி போல வளைந்த ஒரு ஸ்பானரால் அதை ஒரு பக்கம் திருகினால் கார் இறங்கும், மறுபக்கம் திருகினால் ஏறும். அதைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் சானடோரியம் பக்கம் ஷெட் வைத்திருந்த எட்வின் அண்ணனிடம் போனேன். எங்கள் காருக்கு எப்போதும் அவர்தான் மெக்கானிக்.

“இன்னா சார், வண்டிய பூமில பொதைக்கப் போறியா?”

“ஸ்டைலுண்ணா. வளைவுல சாயாதாம்.”

“ரேஸ் ரோட்ல ஸ்பீட் பிரேக்கர் கீதா சார்? உங்க தெருல மலையாட்டம் ஒண்ணு கீது. தெனம் ஓட்ற வண்டில இத்த மாட்னா பேஜார்.”

“வேணும்னா ஏத்திக்கலாம்ல?”

“ஏத்திக்கலாம். ஆனா மாசம் ஒரு தபா கழுவி, கிரீஸ் தடவி, ரெண்டு பக்கமும் திருகிகினே இருக்கணும். மழைத் தண்ணி, சேறு பூந்து காஞ்சிச்சுன்னா புடிச்சிக்கும். அப்பால நானே வந்தாலும் அசையாது.”

நான் தலையாட்டினேன். (காதில் விழாததற்கெல்லாம் அழகாகத் தலையாட்டுவதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.)

அப்பா காரைச் சுற்றி வந்து பார்த்தார். “எதுக்குடா சேகர், இது உட்கார்ந்திருக்கு?”

“வேணும்னா ஏத்திக்கலாம்பா. அஞ்சு நிமிஷ வேலை.”

அவர் நம்பினார். ரயில்வேக்காரர்கள் எதிராளி சொல்லும் நிமிஷக் கணக்கை நம்பிப் பழகியவர்கள். அதன்பின் ஐப்பசி மழை பிடிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வளையத்தை இன்னும் ஒரு சுற்று இறக்கினேனே தவிர, ஒருநாளும் ஏற்றவில்லை. தினமும் காலையில் அப்பாவின் மேட்டைக் குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக, தூங்குகிறவரைத் தாண்டுவது போலத் தாண்டுவேன். எதிர் வீட்டு நாராயணன் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதை வேடிக்கை பார்ப்பார். அவர் என் காரை ரசிக்கிறார் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

இப்போது ராஜி அக்கா. கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் கரு நாலாம் மாதத்தில் கலைந்துபோய், அக்கா ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தாள். இது இரண்டாவது, ஏழாம் மாதம். குலுங்கவே கூடாது, ஆட்டோ வேண்டாம், பஸ் வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புகுந்த வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் கார் வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் நான் வேண்டும்.

அதற்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள். “வண்டிய ஏத்திட்டியாடா?”

“ஏத்திட்டேன்கா.”

பொய். மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், சித்தப்பா பையன்கள், பெரியப்பா பையன்கள் என்று ஒரு கூட்டமே வரும் என்று தெரியும். அவர்கள் முன்னால் ஊரில் ஓடுகிற எல்லாக் காரையும் போலத் தெரிகிற ஒரு காரில் போய் இறங்க என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தன்மானத்தை இப்போது எங்காவது பார்த்தால் செருப்பால் அடிப்பேன்.

காலையில் நான் மட்டும் காரில் போனேன். அப்பா, அம்மா, பங்கஜம் அத்தை மூவரும் அப்பாவின் பிடிவாதத்தால் மின்சார ரயிலில் வந்தார்கள். பங்கஜம் அத்தை அப்பாவின் அக்கா. நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில் பஞ்சாங்கமே அவரிடம் சந்தேகம் கேட்கும். பந்தலுக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி காரை நிறுத்தினேன். மாமாவின் தம்பி முறைக்காரன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டான்: “நாலு டயரும் பஞ்சரா?”

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். அத்தை உத்தரவு போட்டார். “ஞாயித்துக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொண்ணு நம்ம வாசப்படி தாண்டணும்.” முக்கால் மணி நேரப் பயணம்தான். முன்னால் அக்கா, இரண்டு கை நிறைய வளையலோடு. பின்னால் அம்மா, அத்தை, அக்காவின் பெட்டி, ஒரு தூக்கு நிறையப் புளிசாதம். ஒவ்வொருவராக ஏற ஏற, டயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மட்கார்டுக்குள் மறைந்தன.

அப்பா அதைப் பார்த்தார். “அக்காகிட்ட ஏத்திட்டேன்னியே?”

“இது ஏத்தினதுதான்பா.”

“நான் ட்ரெயின்லயே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

தெரு முனையில் முதல் ஸ்பீட் பிரேக்கர். நாலு பேர் பாரத்தோடு ஏறியதும் காரின் அடிவயிறு கரகரவென்று தேய்ந்தது. தூக்கிப் போட்டது. அக்காவின் கை சட்டென்று வயிற்றுக்குப் போனது. பின்னால் அம்மா “முருகா” என்றது எனக்குக் கேட்டது.

இறங்கினேன். கொக்கி ஸ்பானரை எடுத்தேன். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் மண்டிபோட்டு, வளையத்தில் மாட்டித் திருகினேன். ஐப்பசி மழையின் முடிச்சூர்ச் சேறு மொத்தமும் மரைக்குள் புகுந்து சிமெண்ட்டாகக் காய்ந்திருந்தது. ஸ்பானர் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன். கல் உடைந்தது.

“அஞ்சு நிமிஷ வேலைன்னானே” என்றார் அத்தை, யாரிடமும் இல்லாமல் வானத்தைப் பார்த்து.

அக்காவே கதவைத் திறந்தாள். “ஸ்பீட் பிரேக்கர் வர்றப்பல்லாம் நாங்க இறங்கி நடந்துடறோம். நீ வெறும் வண்டியைத் தாண்டி எடுத்துட்டு வா. வேற என்ன பண்றது?”

அப்படியே வந்தோம். மேடு தெரிந்ததும் நிறுத்துவேன். முதலில் அக்கா, அவள் கையைப் பிடித்தபடி அம்மா, இடுப்பில் புளிசாதத் தூக்கோடு அத்தை என்று ஊர்வலமாக இறங்கி, வளையல் குலுங்க மேட்டைத் தாண்டிப் போய்க் காத்திருப்பார்கள். நான் காரைக் குறுக்காகப் போட்டு நகர்த்திக்கொண்டு போய்ச் சேர்வேன். எல்லோரும் ஏறுவார்கள். நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் பள்ளம் பார்த்துப் பார்த்து ஊர்ந்ததில், ஊரப்பாக்கத்தில் பெடல் மிதித்து ஓட்டும் ஒரு மீன்பாடி வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. முடிச்சூர் சாலைக்குள் திரும்பியதும் மறுபடி இறங்கல், ஏறல். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்: “இன்னாபா, புள்ளத்தாச்சிய வண்டில ஏத்திக்கினு போறியா, வண்டியப் புள்ளத்தாச்சி இட்டுக்கினு போவுதா?”

எட்டாவது மேட்டில் சைலன்சர் கழன்று விழுந்தது. அதை எடுத்து டிக்கியில் போட்டேன். அதன்பின் அந்தக் குட்டிக் கார் மணல் லாரி போல உறுமியது.

“குழந்தை உதைக்குதுடா” என்றாள் அக்கா.

“வலிக்குதா?” அந்த ஒரு மணி நேரத்தில் நான் உண்மையாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இல்ல. உன் வண்டிச் சத்தம் புடிக்கல போல.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நாலு பதினெட்டு. எதிரே பதினோராவது மேடு, அப்பா கட்டியது. அதைத் தாண்டி மூன்றாவது வீடு எங்களுடையது. மூவரும் இறங்கி வேகமாக நடந்தார்கள். ரயிலில் வந்த அப்பா, குளித்து, வேட்டி மாற்றி, விபூதி பூசி வாசலில் நின்றிருந்தார். அவசர அவசரமாக ஆரத்தி சுற்றி, நாலு இருபத்தைந்துக்கு அக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

அதை நான் கிட்டே இருந்து பார்க்கவில்லை. அவசரத்தில் காரைக் குறுக்காக விடாமல் நேராக ஏற்றியிருந்தேன். கார் மேட்டின் உச்சியில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அப்பா மெதுவாக நடந்து வந்தார். காரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

“லாரிய நிறுத்தக் கட்டினேன். ஒரு லாரியும் இதுவரைக்கும் நிக்கல” என்றார். திரும்பிப் போய்விட்டார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்பானரோடு தரையில் படுத்து, மட்கார்டுக்குக் கீழே தலையையும் ஒரு கையையும் நுழைத்து, வளையத்தோடு மல்லுக்கட்டினேன். காலும் வேட்டியும் மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. அப்போது ஆரத்தித் தட்டைத் தெருவில் கொட்ட வந்தார் அத்தை. வழக்கமாக வாசலிலேயே கொட்டுவார்கள். அத்தை கோபத்தில் மூன்று வீடு தள்ளி நடந்து வந்து, “கண்ணு பட்டது அவளுக்கு இல்லடா, உன் பாழாப்போன வண்டிக்குத்தான்” என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் முழுவதையும் காரின் மேல் வீசிக் கொட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் என் வெள்ளை வேட்டியை நனைத்து, மேட்டின் சரிவில் வழிந்து ஓடியது. சத்தம் கேட்டு மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த நாராயணன் சார், காருக்கு அடியில் இரண்டு கால்களையும் ஓடுகிற சிவப்பையும் பார்த்தார்.

“ஐயோ! சேகர் போயிட்டான்!”

தெருவே ஓடி வந்தது. யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். எட்டுப் பேர் காரை அப்படியே தூக்கினார்கள். நான் இடுப்பில் பாதி வேட்டியோடு, முகமெல்லாம் கருப்பு மசியோடு, கையில் ஸ்பானரோடு வெளியே வந்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பா நின்றார். காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. என் தலையை, தோளை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டியதை மோந்து பார்த்தார். மஞ்சள் வாசனை. அந்த முகத்தைப் பார்த்தபோது, காருக்கு அடியிலேயே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு வெட்கம்.

“உயிரோடதானே இருக்க?”

“ஆமாம்பா.”

“அப்ப நாளைக்கே அதைக் கழட்டிடு.” இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

மறுநாள் எட்வின் அண்ணன் அந்த வளையங்களை கேஸ் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுத்தார். “மழைக்கு அப்பால ஒரு தபாகூட திருகல இல்ல?” என்றார். தலையாட்டினேன். இந்தத் தலையாட்டல் உண்மையானது.

தை மாதக் கடைசியில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முழுசாக, சுகமாக, காது கிழியும் குரலோடு. (சைலன்சர் இல்லாத குரல் என்றார் அத்தை.) அவனுக்கு இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம் அதிகம். என் காரில் ஏறினால், எந்த ஊரில் எந்த ஸ்பீட் பிரேக்கர் வந்தாலும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, “மாமா, இறங்கட்டுமா?” என்று கேட்பான். அவன் பிறக்கும் முன்னால் நடந்ததை, கூட இருந்து பார்த்தவன் போலத் தன் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டான். இப்போது இரண்டு குரல்.

அப்பா இல்லை. அவர் மேடு இருக்கிறது. எத்தனை முறை ரோடு போட்டாலும், வருகிறவர்கள் அதன் மேலேயும் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகிறார்கள். அக்கா ஊரிலிருந்து வரும்போது ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் கூட்டி வருகிறேன். என் இப்போதைய கார் நல்ல உயரம். அந்த மேட்டை உணராமலே தாண்டும். ஆனாலும் அதற்கு முன்னால் அக்கா என் தோளைத் தட்டுகிறாள். நிறுத்துகிறேன். இறங்கிக்கொள்கிறாள்.

“நீ மெதுவா வா. நான் போய் உன் பொண்டாட்டிகிட்ட காபி போடச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு அந்த மூன்று வீட்டையும் நடந்தே தாண்டுகிறாள். அவள் உள்ளே போன பிறகும் நான் மேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தாண்டுகிறேன். காரை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போகும்போது என் காபி ஆறியிருக்கும்.