இனம்: புரியாதது

வால்பரைசோ,
செவ்வாய்க்கிழமை

வடக்கே செம்புச் சுரங்கத்தில் பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் ஓய்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓய்வையும் வேலைக்கே தானம் செய்துவரும் மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகள் மில்லராய் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், நாய் மினிஸ்ட்ரோவும், ஒழுகும் சமையலறைக் குழாயும் நலம். அங்கே தங்கள் தலைக்கவசம் நலமா?

விஷயம் புது நாய்ச் சட்டம். இனி நாய் வளர்த்துக் குட்டி விற்பவர் பதிவு செய்ய வேண்டும், எல்லா நாய்க்கும் தோலுக்கடியில் சில்லு வைத்து உரிமையாளர் பெயரில் பதிய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. குட்டிக்குப் பதினைந்து வயது என்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன். இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு தோன் எலெயுத்தேரியோவின் பூடில் பிரின்ஸெசா ஐந்து குட்டி போட்டது, ஐந்துக்கும் மினிஸ்ட்ரோவின் தொங்கு காது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இது யாரு காது, சொல்லு."

"உங்க சாடைதான் தெரியுது, தோன் எலெயுத்தேரியோ."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. பதிவில்லாத நாய்னு நகராட்சில சொல்றேன் பாரு."

"தாராளமா சொல்லுங்க. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, பதிவில்லாத வியாபாரம், உங்களுக்குத்தான் முதல் மாலை."

கோபத்தில் நகராட்சிக்குப் போயே போனார். அவருக்கும் நோட்டீஸ், எனக்கும் நோட்டீஸ். மாதக் கடைசி வெள்ளிக்குள் பதியாவிட்டால் மினிஸ்ட்ரோ நகராட்சிக் கூண்டுக்கு.

படிவத்தை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் ரெண்டு கோப்பை தேநீர் ஊற்றியிருந்தேன், ரெண்டையும் நானே குடித்தேன். அந்த எரிச்சலில் கை சும்மா இருக்கவில்லை. இந்த வீட்டில் யார் யாருக்குக் காவல் என்று யோசித்து, உரிமையாளர் என்ற இடத்தில் மினிஸ்ட்ரோ, விலங்கு என்ற இடத்தில் மில்லராய் என்று போட்டேன். இனம் என்ற இடத்தில் ஊரே 'கில்த்ரோ', அதாவது கலப்பு, என்று எழுதும். நான் 'புரியாதது' என்று எழுதினேன். வளர்க்கும் நோக்கம்: துணை. குரைக்குமா: கேட்க ஆளிருந்தால். தனியாக விடப்படும் நேரம்: பதினாலு நாள், அப்புறம் இன்னொரு பதினாலு. எவன் படிக்கப் போகிறான் என்று நகராட்சிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

படித்திருக்கிறார்கள், அப்பா. மறுவாரம் கடிதம் வந்தது: மில்லராய் என்ற பெண் விலங்கைத் திங்கள் காலை கருத்தடை அறுவைக்குக் கொண்டு வரவும், வெறும் வயிறாக இருக்கட்டும், வாய்ப்பூட்டு கட்டாயம். அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். நகராட்சிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா செஞ்ஞோரா நெலிதா.

"மில்லராய் எங்க கண்ணு?"

"நான்தாங்க."

"அப்ப இது?"

"இவர் என் உரிமையாளருங்க. ஆனா வாய்ப்பூட்டு எனக்குத்தான் போட்டிருக்கீங்க."

"எங்க ஆபீஸ்ல தெரியாத்தனமா ஒண்ணாவது சரியாச் செஞ்சிருக்காங்க" என்றாள். வரிசையே சிரித்தது. அப்புறம் படிவத்தை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தவள் தனியாக விடப்படும் நேரத்தில் நின்றுவிட்டாள்.

"இது யாரைப் பத்தி எழுதினது?"

"நாயைப் பத்திதாங்க."

"ம். திருத்தணும்னா வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் நேர்ல வரணும். அப்பா எப்ப வருவாரு?"

"அதுக்கும் படிவத்துல ஒரு கட்டம் போட்டிருந்தா நானும் தெரிஞ்சுக்கலாம்."

நாய் முடிக்குத் தும்மல் வரும் என்று நம் வீட்டுப் படியேறாத ஓர்த்தென்சியா அத்தை இந்தக் கணக்கில் வர மாட்டாளாம். ஆகவே கெடு முடியும் இந்த வெள்ளிக்குள் நீங்கள் வந்தே தீர வேண்டும். எனக்காக இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, ரெண்டு பேருடைய ரொட்டியையும் நானே சாப்பிடுகிறேன். நாய்க்காக.

மலைச்சரிவில் உள்ள எல்லா நாய்களும் தங்களுக்கு வாலாட்டம் சொல்லச் சொல்லின.

தங்கள் கீழ்ப்படியாத மகள்,
மில்லராய்

பின்குறிப்பு: அத்தை கணக்கில் வருவாளாம். நேற்றே வந்து, தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டாள். மினிஸ்ட்ரோவுக்குச் சில்லு வைத்தாகிவிட்டது, இப்போது உங்கள் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. கூண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நாய்க்காக நீங்கள் வரத் தேவையில்லை.