பூண்டுப் பரணில் ஒரு செல்போன்

செல்போனை எங்கே வைப்பது என்பதில்தான் பொன்னுச்சாமிக்கும் வீரம்மாளுக்கும் சண்டை.

"சாமி படத்துக்கிட்ட வைங்க."

"ஊதுபத்திச் சாம்பல் விழுந்துட்டா?"

"அப்ப பீரோவுல வச்சுப் பூட்டுங்க."

"மூச்சு முட்டாது?"

"போனுக்கு எங்கிட்டுங்க மூச்சு?" என்றாள் வீரம்மாள்.

அவளுக்கு என்ன தெரியும்! அது சாதாரணப் போனா? மகள் தேவசேனாவைப் பெண் பார்க்க வந்த செல்வமுருகனின் போன். பையனுக்குப் பழனி அடிவாரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. வந்தவர்கள் உட்கார்ந்து, தேவசேனா காபித் தட்டோடு தலைகாட்டிய அந்த நிமிஷமே, கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கவுஞ்சியில் பனி இறங்கிவிட்டது. தன் மூக்கு தனக்கே தெரியாத பனி. "ரோடு மறையறதுக்குள்ள ஏறுங்க!" என்று ஜீப் டிரைவர் வாசலிலிருந்து கத்த, பாதிக் காபியோடு எல்லாரும் ஓடினார்கள். பையனும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம். அதோடு, சோபா இடுக்கில் இந்தப் போன்.

அன்றைக்கே தன் தங்கச்சி ஷர்மிளாவின் நம்பரிலிருந்து பையன் கூப்பிட்டான். "மாமா, என் போன அங்கயே மறந்துட்டேன். ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறேன்."

"கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன் மாப்ள!" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் பொன்னுச்சாமி. அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. போனில் ஒரு கீறல் விழுந்தால் போதும், 'ஒரு போனைப் பாத்துக்கத் தெரியாதவன், பொண்ண எந்த லட்சணத்துல வளத்திருப்பான்?' என்று பழனியே சிரிக்கும். தேவசேனா முகத்தில் எப்படி முழிப்பது? இத்தனைக்கும் அந்தப் பெண், வந்தவர்கள் போனதிலிருந்து காரணமில்லாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். இருட்டாகக் கிடந்தது.

"சார்ஜ் எறங்கிருச்சு. முழுசா ஏத்திக் குடுத்தாத்தான் மரியாதை" என்று சார்ஜரில் செருகினார். விடிய விடியக் கிடந்தும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

வீரம்மாளின் தம்பி கதிர்வேலைக் கூப்பிட்டார். அவனுக்குக் கேரட் கழுவும் மிஷின் ஓட்டுகிற சோலி. எப்போதோ ஒரு டார்ச் லைட்டை ரிப்பேர் செய்துவிட்டான். அதிலிருந்து கவுஞ்சியில் கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவன்தான் டாக்டர்.

கதிர்வேல் போனைக் கையில் தூக்கிப் பார்த்தான். "யம்மாடி, பஞ்சு கணக்கா இருக்கே! வெல ஒசந்த போனு மச்சான். ஒசத்தி ஆக ஆக லேசாயிரும்."

"ஏன்டா எரியல?"

"பழனி வெயில்ல வளந்த போனு. நம்ம குளிருக்கு வெறச்சுப்போச்சு. செத்த அனல் காட்டுங்க."

பொன்னுச்சாமி அடுப்போரம் ஒரு பலகை போட்டு, பிள்ளை பெற்றவளை உட்கார வைப்பதுபோல் போனை உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் ரப்பர் உறை உருகி, பலகையோடு பாசமாக ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது பாதி உறை பலகையிலேயே நின்றுவிட்டது.

"போச்சு! வீரம்மா, போச்சு!"

"கத்தாதீங்க, தேவசேனா காதுல விழப்போவுது."

அனல் ஆகாது, உடம்புச் சூடுதான் சரி என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதிர்வேலைத் தேடிப் போனார். அவன் தோட்டத்து ஓரம் மிஷினில் கேரட் கழுவிக்கொண்டிருந்தான். "ஏலே கதிரு, உன் பேச்சக் கேட்டு..." என்று அவர் குனிந்து திட்டியதுதான் தாமதம், போன் நழுவி மிஷினுக்குள் விழுந்து, கேரட்டோடு கேரட்டாக உருண்டது.

"நிறுத்துறா! நிறுத்துறா!"

மிஷின் நிற்பதற்குள் போன் நல்ல சுத்தமாக வெளியே வந்துவிட்டது. ஓட்டைகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. பொன்னுச்சாமிக்குக் கண்ணிலிருந்து வடிந்தது. அவர் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்துத் தோட்டத்துக் காட்டுமாடுகள் மிரண்டு ஓடியதாக இன்றைக்கும் கதிர்வேல் சத்தியம் செய்வான்.

"கொடைக்கானல்ல ஒரு கடையில காட்டிருவமா மச்சான்?"

"வெவரங்கெட்டவனே! ரிப்பேர்க் கடைக்காரனெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். நான் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள பழனிக்குச் சேதி போயிரும்."

வீட்டுக்கு வந்து அடுப்பருகே நின்றபோதுதான் அவர் பார்வை மேலே போனது. அடுப்புக்கு நேர் மேலே பரண். பரணில் கொத்துக் கொத்தாக மலைப்பூண்டு, புகையில் கருத்துத் தொங்கியது. கவுஞ்சியில் எவன் பூண்டும் அழுகுவதில்லை. காரணம் அந்தப் புகை.

"இத்தன ஈரப் பூண்டையே மாசக்கணக்கா கெடாமக் காக்குது. ஒரு போனக் காக்காதா?"

பூண்டுக் கொத்து ஒன்றின் நடுவில் போனை வைத்துக் கட்டித் தொங்கவிட்டார். வீரம்மாள் புகை தூக்கலாக வரட்டும் என்று பச்சை விறகைத் திணித்தாள். வீடே இருமியது. தேவசேனா மட்டும் இருமலுக்கு நடுவிலும் பாடினாள்.

சனிக்கிழமை இறக்கிப் பார்த்தபோது ஈரம் அடியோடு போயிருந்தது. போன் கருவாட்டு நிறத்துக்கு மாறியிருந்தது. வாசனையோ, ரசம் தாளிக்கும் வீட்டில் தீப்பிடித்தது மாதிரி.

"தைலம் போட்டுத் தொடைங்க, வாடை போயிரும்" என்றாள் வீரம்மாள்.

யூக்கலிப்டஸ் தைலத்தைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தார். புகைக்கறை போனது. கூடவே பின்பக்கம் இருந்த கம்பெனி பேரும் போனது. பூண்டு வாசனை மட்டும் போகவில்லை. தைலமும் அதோடு சேர்ந்துகொண்டு, சளி பிடித்த சமையல்காரன் மாதிரி மணந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப் வந்து நின்றது. செல்வமுருகனும் ஷர்மிளாவும் இறங்கினார்கள். பொன்னுச்சாமி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"வாங்க மாப்ள... காபி... பழம்... வீரம்மா, வெரசா வா!"

பையன் உட்கார்ந்தான். காபி குடித்தான். பனி எப்படி, கேரட் விலை எப்படி என்று கேட்டான். போனைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏதோ கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் பொன்னுச்சாமி ஒரு தட்டை நீட்டினார். முறுக்கு, ஆரஞ்சு, மறுபடி முறுக்கு. கடைசியில் பையன் வாய் நிறைய முறுக்கோடு, "தோட்டத்தச் சுத்திப் பாக்கலாமா மாமா?" என்றான்.

"தேவசேனா கூட்டிட்டுப் போவா" என்று முந்திக்கொண்டாள் வீரம்மாள்.

இருவரும் கேரட் பாத்திகளுக்குள் போய் வெகுநேரம் நின்று பேசினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த பொன்னுச்சாமி வீரம்மாளை இழுத்துக் காட்டினார். "மிஷின் பக்கம் கைய நீட்டிப் பேசுறான் வீரம்மா. தெரிஞ்சுபோச்சு. மக எல்லாத்தையும் சொல்லிட்டா."

"சிரிக்கல்ல செய்யிறாரு?"

"கோவம் உச்சிக்கு ஏறுனா சில பேரு அப்பிடித்தான் சிரிப்பாங்க."

திரும்பி வந்த பையன், "அப்ப நாங்க கெளம்புறோம் மாமா" என்று எழுந்தான். இப்பவும் போனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கேட்காமல் போகிறானே, இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதானே அர்த்தம்!

பொன்னுச்சாமி உள்ளே ஓடினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, கதம்பம், நடுவில் அந்தப் போன். வாசனை அவருக்கு முன்னால் கூடத்துக்குள் நுழைந்தது.

"மாப்ள, சுட்டது நானு, முக்குனது நானு, புகை போட்டதும் நானு. எம்பொண்ணு இதத் தொடக்கூட இல்ல. இதுக்காக அவள வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க!" என்று விக்கி விக்கி அழுதார்.

செல்வமுருகன் போனைக் கையில் வாங்கினான். முகர்ந்தான். முகம் தக்காளியாகச் சிவந்தது. தேவசேனா தாவணி நுனியை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

ஷர்மிளா முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "எதுக்கு மாமா அழுவுறீங்க? அது கடையில எப்பவோ செத்துப்போன போனு, உள்ள பேட்டரிகூடக் கெடையாது. 'பொண்ணப் புடிச்சா மறந்து வச்சுட்டு வருவேன், புடிக்கலேன்னா எடுத்துட்டு வந்துருவேன்'னு அன்னைக்குப் பழனியில ஜீப்புல ஏறும்போதே அண்ணன் சொல்லிட்டுத்தான வந்துச்சு!"