முன்சக்கரமும் எழுபது கிலோவும்

என் காரின் முன்சக்கரங்களை நானே நேராக்குவது என்று சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். பினாங்குப் பட்டறைகளில் யாருக்கும் அந்தக் காரின் மனது தெரியாது. இரண்டே இருக்கை. மொத்தம் எழுநூறு கிலோ. என் மனைவி மோகனா அதைக் 'கதவு வச்ச செருப்பு' என்பாள். ஆனால் அதை ஓட்ட அவளுக்கு ஆசை. நான் சாவியைக் கொடுத்ததில்லை.

"தங்கச்சி வீட்டுக்கு, சுங்கை பாக்காப் வரைக்கும் எடுத்துட்டுப் போறேனே?"

"காடி ஒரு பக்கமா இழுக்குது. உன் கையில நிக்காது."

"சரி பண்ணிட்டா?"

"அப்புறம் யார் கையில நேரா ஓடுதோ அவங்களே சாவிய வச்சுக்கலாம்."

பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு ஷஃபீக் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சி இருப்பதும் நல்லதுதான்.

வேலை எளிது. காரின் இரு பக்கமும் தூண்டில் நரம்பை நேராக இழுத்துக் கட்டி, சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளக்க வேண்டும். பிசகு இருந்தால் அடியில் உள்ள கம்பியைத் திருக வேண்டும். ஒன்றுதான் சிக்கல். இவ்வளவு இலேசான காரில் ஆள் ஏறினாலே சக்கரம் பார்க்கும் திசை மாறிவிடும். ஓட்டுகிறவரின் எடை இருக்கையில் இருக்கும்போதுதான் அளக்க முடியும். நானே இருக்கையிலும் காருக்கு அடியிலும் இருக்க முடியாது.

"நான் உட்கார்றேன்," என்றாள் மோகனா. "உங்க எடை எவ்வளவு?"

ஷஃபீக் குழாயை மூடினார்.

போன மாதம் கிளினிக்கில் எண்பத்து நான்கு காட்டியது; அட்டையிலும் எழுதிவிட்டார்கள். பழைய எடைப்பொறி.

"எழுபது," என்றேன்.

"எழுபதா?"

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கலா," என்றார் ஷஃபீக்.

"எழுபதுன்னா எழுபதுதான்லா!"

மோகனா உள்ளே போய்ப் பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"நான் அறுபது. கணக்கு சரியா?"

மூன்று மணி நேரம் அளந்தேன், திருகினேன், மறுபடி அளந்தேன். அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. இந்தத் தீவில் இப்படி ஒரு வேலையை யாரும் செய்ததில்லை என்று ஷஃபீக்கிடம் சொன்னேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே உள்ள நேர்சாலையில், மோகனாவும் ஷஃபீக்கும் ஓரமாக நின்று பார்க்க, முதலில் நான் ஓட்டினேன். கையைத் தளர்த்தியதும் கார் வலப்பக்கம் ஒதுங்கியது. பிடித்து நேராக்கினேன். திரும்பவும் ஒதுங்கியது. திரும்பி வரும்போதும் வலப்பக்கம்தான்.

"ரோடு சரியில்ல," என்றேன்.

"நான் பாக்குறேன்," என்றாள் மோகனா. அரிசிப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். நேராகப் போனாள். நேராக வந்தாள். வரும்போது இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டினாள். ஷஃபீக் கைதட்டினார்.

"காடி எழுபது கிலோவுக்கு நல்லா ஓடுது," என்றாள் இறங்கி. "உங்களுக்கு மட்டும் ஏன் இழுக்குதுன்னு தெரியலையே."

"அளந்ததுல எங்கயோ தப்பு."

"அப்ப மறுபடி அளங்க. நான் உட்கார்றேன். எத்தனை அரிசிப் பை வேணும்? ஒண்ணா, ரெண்டரையா?"

கிளினிக் அட்டையை அவள் எப்போது பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. ஷஃபீக் சாலையோர வேலியில் சாய்ந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றேன்.