ஷரத்து அண்ணாச்சியும் படித்துறைக் கம்பியும்

ஜூன் பத்தொன்பதாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடம். சாரல், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இராது. மேற்கே மலை தெரியவில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மழைமானி பார்த்தவன் நான்; இதிலெல்லாம் தவறு வராது. தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தமிழ்நாட்டிலேயே ஆக எரிச்சலூட்டும் சட்டமன்ற உறுப்பினர் எங்கள் தொகுதிக்குத்தான் வாய்த்திருக்கிறார் என்று நான் தீர்மானித்த நேரம் அது.

மற்ற தொகுதிக்காரர்கள் தங்கள் எம்.எல்.ஏ. ஐந்து வருடமாகக் கண்ணில் படவில்லை என்று குறை சொல்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள். எங்கள் ஆள் வாரத்தில் நான்கு நாள் கண்ணில் பட்டார். இரண்டு தேர்தல் ஜெயித்தவர். ஊரில் அவருக்கு ஷரத்து அண்ணாச்சி என்று பெயர். சட்டமன்றத்தில் எந்த மசோதா வந்தாலும் அதை ஷரத்து ஷரத்தாகத் தொகுதி மக்களுக்கு வாசித்துக் காட்டி, எந்தக் குழுவில் எது நிற்கிறது என்று ஒப்பித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

முதல் வருடம் முறையாகக் கல்யாண மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார். இருநூறு நாற்காலி. வந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் நாற்காலிக் கடை ஆட்கள். அன்றோடு அவருக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. ஜனங்கள் தாமாக வரமாட்டார்கள். எழுந்து போக முடியாத இடத்தில்தான் அவர்களைப் பிடிக்க வேண்டும்.

சலூனில் பாதிக் கன்னம் மழித்தவனைப் பிடித்தார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில், கூட்டுறவுச் சங்கத் திருத்த மசோதாவை முழுக்க வாசித்தார். பாயசம் ஆடை கட்டிவிட்டது. திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக அகப்பட்ட ஒருவர், முருகனைக்கூடப் பார்க்காமல் பாதி வழியில் இறங்கி வீடு திரும்பினார்.

இருந்தாலும் அவருக்குப் பிடித்த இடம் எங்கள் படித்துறைதான். நாங்கள் உலர்ந்த வேட்டிகளை மேல்படியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவோம். அவர் வந்து அந்த வேட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஈரத்துண்டோடு எங்கே ஓடுவது? வாசித்து முடித்ததும், "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்பார். ஒருநாள் ஆதரவு பதினான்கு என்று குறித்துக்கொண்டார். நான் எண்ணினேன், பதினொன்றுதான். மூன்று பேர் அக்குளில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். சொன்னேன். "சபையில இதவிடக் கம்மியா கவனிப்பாவ அண்ணாச்சி, அதையும் எண்ணத்தான் செய்யுதோம்" என்றார்.

ஜூன் பத்தொன்பதுக்கு வருகிறேன். என் மனைவி கோமதி பெண்கள் பக்கத்தில் குளித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தாள். ஷரத்து எப்போதும் அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவார். அந்த மரியாதை உண்டு. படிகள் மொத்தம் பத்தொன்பது. பன்னிரண்டாவது படி உடைந்து பாசி பிடித்துக் கிடந்தது. அதில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. நான் தண்ணீரைவிட்டு ஏறுவதற்குள் ஷரத்து ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்து, தோள்துண்டால் கையைக் கட்டி, ஆட்டோவும் பிடித்துவிட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, "ஏழாம் பிரிவுல ரெண்டாவது உட்பிரிவு மட்டும் பாக்கி அண்ணாச்சி, அதச் சொல்லிருதேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் ஆட்டோ கிளம்பியது.

கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. தைரியம் கூடவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் ஒழிய இனிப் படியில் கால் வைக்கமாட்டேன் என்றாள். ஐந்து வயதிலிருந்து ஆற்றில் குளித்தவள். இப்போது வீட்டில் போர்த் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, தலைமுடி கயிறாகிப்போயிற்று என்று தினமும் என்னிடம்தான் சொல்வாள், நான்தான் அந்த போரைப் போட்டவன் என்பதுபோல.

ஷரத்துவிடம் போனேன். இரண்டு பக்கமும் ஒரு குழாய்க் கம்பி, பிடித்து இறங்க. அவ்வளவுதான் கேட்டேன். தொகுதி மேம்பாட்டு நிதியில் போட்டுக்கொடுத்து, வேண்டுமானால் பெயரையும் பொறித்துக்கொள்ளட்டும் என்றேன். பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு சிமெண்ட் பெஞ்சில் தன் பெயரை மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்.

ஷரத்து தலையை ஆட்டினார். "நிதியில போட்டா அது நான் குடுத்த தானம் அண்ணாச்சி. மனுவா வந்து, குழு பாத்து, அறிக்கையில ஏறினா அது உங்க உரிமை. நாளைக்கு எவனும் பிடுங்கிட்டுப் போவ முடியாது."

"எனக்கு உரிமை வேண்டாம் வே. கம்பிதான் வேணும்."

"ரெண்டும் சேந்தே வரும். பைய வரும்."

பைய வந்தது. அவர் உறுப்பினராக இருந்த அந்தக் குழுவின் பெயரில் பதினோரு சொற்கள். குழு என்றே சொல்கிறேன். பதினான்கு மாதத்தில் எனக்கு ஒன்பது கடிதம் எழுதினார். மனு குழுவின் நான்காவது அமர்வில் எட்டாவது பொருளாக இருந்தது, ஏழாவது பொருளோடு நேரம் முடிந்தது என்று ஒன்று. ஐந்தாவது அமர்வில் ஆறாவது பொருளாக முன்னேறியிருக்கிறது, மகிழ்ச்சியான செய்தி என்று இன்னொன்று. கோமதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத மடிச்சு அந்தப் பன்னெண்டாம் படிக்கு அடியில முட்டுக் குடுங்க" என்றாள்.

கடைசியில் குழுவே நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இரண்டு நாள் முன்னதாகத் துறை ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். உடைந்த படியில் சிமெண்ட் பூசினார்கள். பிறகு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, கல்யாணப் பந்தல் மாதிரி அதில் கலர்த் துணி சுற்றினார்கள். உறுப்பினர்கள் விழுந்துவிடக் கூடாதாம்.

பதினேழு வண்டிகளில் குழு வந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இறங்கியது, ஒருவர் கால் நனைத்தார், போட்டோ எடுத்தார்கள், கம்பைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக ஏறியது. என் கடிகாரப்படி இருபத்திரண்டு நிமிடம். நான் ஒரு வார்த்தை பேச முன்னால் போனேன். ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். ஷரத்து மட்டும் அதிகாரியிடம், இது எப்போது நட்டது என்று கேட்டது காதில் விழுந்தது. அதிகாரி, "இருக்குதுங்க ஐயா" என்றார். அதற்குள் குழுத் தலைவர் காரில் ஏறிவிட்டார்.

கம்பு கட்டியாயிற்று என்று தெருவில் யாரோ சொல்ல, கோமதி மாற்றுப் புடவையும் சோப்பு டப்பாவுமாகப் படித்துறைக்கு வந்துவிட்டாள். வண்டிகள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அண்ணாச்சி, இது வாடகைக் கம்பு" என்றான் ஒருவன். "குழு சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த ஊர்ப் படித்துறையில நடணும்."

"ஏலே, ஒரு அரை மணி நேரம் நிறுத்து. இவ குளிச்சிட்டு ஏறட்டும்."

அவன் கோமதியைப் பார்த்தான். பிறகு லாரியைப் பார்த்தான். கோமதி சோப்பு டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எழுபத்துநான்கு வயதில் நான் ஒரு கம்புக்காக மல்லுக்கு நின்றது அன்று ஒருநாள்தான்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது. ஷரத்து அதைப் படித்துறைக்கே கொண்டுவந்து உரக்க வாசித்தார். கைப்பிடி அமைக்கப்பட்டிருப்பதைக் குழு நேரில் கண்டது. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது. நான் ஈரத்துண்டோடு படியேறினேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"எங்க வே இருக்கு கம்பி? நீரும் அங்கன நின்னீருல்லா? வாசிக்க வெக்கமா இல்ல?"

அவர் அறிக்கையை மடிக்கவில்லை. "எட்டு பேர் இருக்குன்னு சொன்னாவ. நான் ஒருத்தன் இல்லன்னு சொன்னேன். தோத்துட்டேன். அத விடுங்க. கம்பி இருக்குன்னு இப்போ பேரவை சொல்லுது. கம்பி இல்லன்னா பேரவைகிட்ட எவனோ பொய் சொல்லியிருக்கான். அது சின்ன விஷயம் இல்ல அண்ணாச்சி. வேட்டியக் கட்டிட்டு வாங்க."

பாளையங்கோட்டையில் இருக்கும் துறை அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரு நிதி மசோதா. பொறியாளர் டீ வாங்கிவரச் சொன்னார். ஷரத்து கம்பி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்ட கம்பியின் கோப்பு எங்கே என்று கேட்டார். எத்தனை அங்குலக் குழாய், எத்தனை தூண், அளவுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கேட்டார்.

"அது தற்காலிக ஏற்பாடு ஐயா" என்றார் பொறியாளர்.

"அறிக்கையில பக்கம் நாப்பத்தேழு, மூணாவது பத்தி. தற்காலிகம்னு எங்கயும் இல்லையே. அப்போ சபைக்குத் தப்பான தகவல் போயிருக்கு. உரிமை மீறல்னு ஒண்ணு இருக்கு. அதுல எத்தன ஷரத்துன்னு சொல்லவா?"

தயவுசெய்து வேண்டாம் என்று பொறியாளர் கைகூப்பினார். என் எட்டு வருடத் துன்பத்தில் ஷரத்து வாசிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் எவர்சில்வர் குழாய் வந்தது. இரண்டு பக்கமும், பதினான்கு தூண்களோடு. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து அறுநூற்று முப்பதாவது நாள், கோமதி இடது கையால் பிடித்து, பிறகு வலது கையால் பிடித்து, ஆற்றுக்குள் இறங்கினாள். மூன்று முங்கு போட்டாள். ஷரத்து வழக்கம்போல முதுகு காட்டி உட்கார்ந்து, அன்று மட்டும் வாசிக்காமல் இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து கோமதியின் குரல் வந்தது: "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மசோதா ஒண்ணும் இல்லையா?"

எட்டு வருடத்தில் ஒரு வாக்காளர் வாயால் கேட்டது அதுதான் முதல்முறை. மனிதர் இரண்டு மசோதா வாசித்தார்.

இந்தக் கம்பியின் கதையை அவர் பேரவையிலும் பேசிவைத்தார், பக்கம், பத்தியோடு. அதற்குப் பரிசு, அடுத்த தேர்தலில் கட்சி சீட் கொடுக்கவில்லை. தன் குழுவையே அசிங்கப்படுத்தினாராம். ஒரு இரண்டு அங்குலக் குழாய்க்காகப் போயிற்று பதவி. பேசாமல் வீட்டில் இரும் என்று நான் சொன்னேன், மூன்று தடவை. கேட்கவில்லை. சுயேச்சையாக நிற்பதென்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். திட்டிக்கொண்டே போட்டேன்.

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள், மதியம் இரண்டு நாற்பது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். டெபாசிட்டுக்கு ஷரத்து காசோலையை நீட்டினார். ரொக்கம்தான் வாங்குவோம் என்றார் அதிகாரி. இருக்கிற ஷரத்தையெல்லாம் ஊருக்கு வாசித்தவருக்கு இந்த ஒரு ஷரத்து தெரியவில்லை; இத்தனை நாளும் கட்சிக்காரர்கள்தான் கட்டியிருக்கிறார்கள். மனிதர் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். மாடி ஒழுக்கை அடைப்பதற்காகக் காலையில்தான் நான் வங்கியில் பணம் எடுத்திருந்தேன். அதிலிருந்து பத்தாயிரத்தை எண்ணி வைத்தேன்.

தோற்றார். டெபாசிட்டும் போயிற்று. எங்கள் வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்தது நாற்பத்தொரு ஓட்டு. காலையில் எங்கள் படித்துறையில் குளிக்கிறவர்கள் நாற்பத்திரண்டு பேர். அந்த ஒருவன் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு நான்கு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு தடவையும் நான் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் கணக்கில், அன்றைய பஸ் செலவும் சேர்த்து, பத்தாயிரத்து இருபத்தாறு ரூபாய்.