கார்ட்லெஸ் போனும் குழாய் ஸ்பீக்கரும்

போனை எடுத்துக்கொண்டு ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒதுங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். அப்படி ஒதுங்கிப் போய்ப் பேசியதால்தான் என் பேச்சை ஒரு காலத்தில் புதுச்சத்திரத்தில் பாதிப்பேர் கேட்டார்கள்.

போன வாரம் என் கணவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். உரிமம் இல்லாத வாக்கி-டாக்கிகளை இணையத்தில் கண்டபடி விற்பதற்கு அரசாங்கம் கெடுபிடி செய்கிறதாம். படித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உன்னைய மனசுல வெச்சுத்தான் சட்டம் போட்டிருக்கறாங்க" என்றார்.

(கருவியை வாங்கியது அவர். பழி எனக்கு. கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

நான் சேலம் சூரமங்கலத்துப் பெண். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில் போகிற சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் எங்கள் வீட்டில் ரகசியம்கூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த புதுச்சத்திரத்து வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். வீடு ஊருக்குள்ளே, பண்ணை ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள்ளே. அங்கே டெலிபோன் கம்பி போகாது. செல்போன் அப்போதுதான் வந்திருந்தது. வருகிற அழைப்புக்கும் காசு என்பதால், வைத்திருந்தவர்களே அது அடித்தால் எடுக்காமல் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

முட்டை விலை கேட்டு வியாபாரிகள் வீட்டுக்குப் போன் செய்வார்கள். அதைச் சொல்ல ஒரு ஆள் பண்ணைக்கு ஓட வேண்டும். இதற்குத் தீர்வாக என் கணவர் யார் மூலமாகவோ ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்தார். கடையில் விற்கிற சாது ரகம் இல்லை. பல கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பேசும். வீட்டு மாடியில் நீளமான இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டினார். பண்ணையில் வைத்த அதன் கைபோன் செங்கல் கனம் இருக்கும்.

"இதுக்கு லைசென்ஸ் ஏதும் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"கோழி வளக்கறதுக்கு லைசென்சு கேட்டாங்களா? அதே மாதிரிதான் இதும்" என்றார்.

(நானும் நம்பினேன். புதுக்கல்யாணம்.)

அந்தப் போனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுப் போன் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நின்று அம்மாவிடம் பேசினால், "நல்லா இருக்கேன், நல்லா இருக்காங்க, நல்லா இருக்கு" என்பதற்குமேல் வார்த்தை வராது. பண்ணையில் காதுக்கெட்டும் தூரத்தில் கோழிகளைத் தவிர யாருமில்லை. ஏரியலை இழுத்துவிட்டு எண்ணை அழுத்தினால், மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் மெல்ல நடந்து வரும். முட்டை எண்ணப் போகிறேன் என்று நான் அடிக்கடி பண்ணைக்குக் கிளம்பியதை எல்லாரும் பொறுப்பு என்று நினைத்தார்கள்.

அப்படியிருக்கையில் என் நாத்தனார் சுமதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை நாமகிரிப்பேட்டை, மஞ்சள் வியாபாரக் குடும்பம். வாசலில் பந்தல், பந்தலுக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். மைக் செட்காரர் புதிதாக ஒயரில்லாத மைக் வாங்கியிருந்தார். அதை ஆளுக்கொரு தடவை கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

வெயில் நெருப்பாகக் கொட்டியது. பண்ணை ஆள்களும் விருந்துக்கு வந்துவிட்டதால், கோழிக்குத் தண்ணீர் போகிறதா என்று யாராவது பார்க்க வேண்டியிருந்தது. "நான் போறேன்" என்று முந்திக்கொண்டேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கைபோனை எடுத்தேன்.

அம்மா எடுத்தவுடன், "மாப்பிள்ளை எப்படிடீ?" என்றாள்.

"நல்ல மாதிரிதான்மா. நெத்திதான் பின்னாடி ரொம்ப தூரம் போயிடுச்சு."

"பாயசம் வெச்சாங்களா?"

"வெச்சாங்க. முந்திரி இருக்கான்னு நானும் கரண்டி விட்டுத் தேடிப் பார்த்தேன்."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மயங்கித்தான் மிச்சத்தையும் கொட்டினேன். "சுமதிதான்மா பாவம். எம்.எஸ்ஸி. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. படிக்கணும்னு என்கிட்ட வந்து அழறா. இவங்க என்னடான்னா, 'பொண்ணுக்கே படிப்புல இஷ்டமில்லீங்க'ன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வெச்சிருக்காங்க. சம்பந்தம் கை நழுவிடுமோன்னு மாமாவுக்குப் பயம்."

"நீ யார்கிட்டயும் வாயைத் திறந்துடாதே" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா திறக்கறேன்? கோழிங்கதான் கேட்டுட்டு இருக்கு."

அப்போது இரைச்சலுக்கு நடுவே என் கணவரின் குரல் குறுக்கிட்டது. வீட்டுப் போனை எடுத்திருந்தார். "வை! போனை வை! மொதல்ல வை!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங்க, எங்க அம்மாகிட்ட பேசறதுக்கும் உங்க அம்மாவைக் கேக்கணுமா? பந்தல்லதான உக்காந்திருக்காங்க, கேட்டுச் சொல்லுங்க!"

அவர் தணிந்த குரலில் சொன்னார்: "கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க. பந்தலே கேட்டுட்டு இருக்குது. உன்ற பேச்சு பூராவும் மைக் செட்டுல வருது."

"ஐயையோ!" என்றேன். (அதுவும் தெளிவாகக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.)

நடந்தது இதுதான். என் கைபோன் காற்றில் அனுப்பிய குரலை மைக் செட்காரரின் புதுக் கருவி தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது. முதலில் ஸ்பீக்கரில் கோழிகள் கொக்கரித்திருக்கின்றன. குழந்தைகள் நாற்காலிக்கு அடியிலெல்லாம் கோழி தேடினார்களாம். அடுத்து நான் வந்தேன். மைக் செட்காரர் பதறிப்போய் மைக்கை ஆஃப் செய்தாராம். மைக்கின் போட்டி இல்லாமல் என் குரல் இன்னும் சுத்தமாகக் கேட்டதாம். அம்மா பேசியது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் யாரும் கேட்காமலே, மாப்பிள்ளையின் நெற்றியையும் மாமியாரின் பாயசத்தையும் பற்றி நானாக அறிக்கை வாசித்த மாதிரி இருந்திருக்கிறது.

மொபெட்டில் திரும்பினேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும், ஒரு பக்கம் போனால் வீடு, இன்னொரு பக்கம் சேலம். அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். வண்டியில் பெட்ரோல் குறைவாக இருந்ததால் குடும்பத்துக்குத் திரும்பினேன்.

பந்தலில் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதியின் முகம் வெளுத்திருந்தது. இந்தச் சம்பந்தம் உடைந்தால் அது என்னால்தான் என்று நினைத்து, பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா சுமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏஞ்சாமி, மெய்யாலுமே படிக்கோணும்னு இருக்குதா?"

சுமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. "ஆமாங்க அத்தை. ஒரு வருசந்தானுங்க" என்றாள்.

அந்த அம்மா மாமாவிடம் திரும்பினார். "ஏனுங்க சம்பந்தி, இதைய எங்ககிட்ட சொல்றதுக்கு மைக் செட்டு வெக்கோணுமுங்களா? நேராச் சொன்னா நாங்க என்ன கடிச்சா போடுவோம்?"

அப்போதுதான் மாப்பிள்ளை பேசினார்.

"படிக்கட்டும்மா. ஒரு வருசத்துல என்ற நெத்தி இன்னும் கொஞ்சம் பின்னால போகும். அது பரவால்லீங்களான்னு மட்டும் அவங்களையக் கேட்டுக்க."

பந்தல் மொத்தமும் சிரித்தது. சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான்தான் அழுதேன்.

தட்டு மாற்றி எல்லாம் நல்லபடியாக முடிந்தபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மென்றபடி மாடியை அண்ணாந்து பார்த்தார். அவர் டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எல்லாஞ் சரிங்க, அந்த ஏரியலுக்கு லைசென்சு வாங்கியிருக்கறீங்களா?"

"எந்த ஏரியலுங்க?" என்றார் என் கணவர். அவர் தலைக்குப் பின்னால் அது தென்னை உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் அது இறங்கிவிட்டது. அந்தக் குழாயில் பிறகு ரொம்ப காலம் பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. அத்தை என்னோடு பேசாமலிருந்ததும் கொஞ்ச காலம்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஊற்றுகிற பாயசத்தில் முந்திரியை விலக்கித்தான் பாயசத்தைத் தேட வேண்டும்.

இப்போது பண்ணைக்குப் பக்கத்திலேயே செல்போன் டவர் இருக்கிறது. தூசு விழுந்தால்கூடக் கேட்கும் அளவுக்குத் தெளிவு. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவள் குரலை நினைத்தால் எனக்கு அந்த மழை இரைச்சலோடு சேர்த்துத்தான் நினைவு வருகிறது.

சுமதி இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் வீட்டுக்காரருக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் காது குத்தோ கல்யாணமோ எதுவானாலும், மைக் செட்காரர் ஸ்விட்சில் கை வைக்கும்போது சுமதியின் வீட்டுக்காரர்தான் கையைக் காட்டி நிறுத்துவார். "இருங்க இருங்க, அக்கா எங்கிருக்குதுன்னு பாத்துட்டுப் போடுங்க."

நான் எழுந்து நின்று, கையில் போன் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் செட் போடுவார்கள்.