பவளத்துக்குச் சீக்கு

“சதை உரிஞ்சு எலும்பு தெரியுதுங்க. வெட்டிரவா?”

ஆமத்தூர் மருந்துக்கடை வாசலில் நின்று முனியராஜ் போனில் கேட்டபோது, மாத்திரை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கவனிக்கவில்லை. மறுமுனையில் மதுரை மீன்தொட்டிக் கடைக்காரர் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீக்கு அவன் வளர்க்கும் பவளத்துக்கு. சிவகாசி அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள் அடிக்கிறவன், வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து உப்புத்தண்ணீர் கலக்கி அதைக் குடிவைத்திருந்தான். பார்க்கக் கல் மாதிரி, ஆனால் உயிருள்ளது. நுனியில் பச்சை விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு கிளையில் சதை பழுப்புக் கூழாகக் கரைந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது.

அயோடின் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னார் கடைக்காரர். மருந்து யாருக்கு என்று மருந்துக்கடையில் கேட்டார்கள். பவளத்துக்கு என்றால் சிரிப்பார்களே என்று, “வீட்லதான்” என்று சொல்லிவைத்தான்.

வீட்டில் கைக்கு அகப்பட்டது அம்மா இருளம்மாளின் மீன்குழம்புச் சட்டி. கழுவித்தான் மருந்தைக் கலக்கினான். சட்டியில் ஊறிய புளியும் மிளகாயும் கழுவினால் போகுமா? மறுநாள் பக்கத்துக் கிளையும் கூழானது. சட்டி போன கோபத்தில் அம்மா அவனைத் தனியாகக் கூழாக்கினாள்.

இனி வெட்டத்தான் வேண்டும், நல்ல கிளையைக் கல்லில் ஒட்டினால் பிழைக்கும் என்றார் கடைக்காரர். முனியராஜ் விருதுநகர் போய் எலும்பு வெட்டும் கட்டர் வாங்கிவந்தான். பஸ்ஸில் விசாரித்தவரிடமும் “வீட்லதான்” என்றான்.

அந்த வாரம்தான் தங்கச்சி பொன்மணிக்குத் தாயில்பட்டி மாப்பிள்ளை ராக்கப்பன் முடிவாகியிருந்தான். போட்டோ மாற்றிக்கொண்டதோடு சரி. சம்மதமா என்று கேட்டதற்குப் பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

முனியராஜ் தொட்டிக்குள் கையை விட்டு, சின்னக் குழாயால் கூழை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா எடுத்து அவன் காதில் வைத்தாள்.

“வியாதின்னு கேள்விப்பட்டோம். இப்ப எப்பிடி இருக்கு?” என்றது ஒரு பெண்குரல்.

மதுரைக்காரர் வீட்டம்மாவாக்கும் என்று நினைத்துவிட்டான். “பாதி போயிருச்சு. கெட்டத வெட்டிட்டு மிச்சத்த ஒட்டுனாப் பொழைக்கும். பக்கத்துல இருக்கதுக்கும் தொத்தாமப் பாக்கணும், அம்புட்டுத்தான்.”

நம்பரைப் பார்த்து, பேசியது மாப்பிள்ளையின் அம்மா என்று தெரிந்ததும், இருளம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். முனியராஜ் பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டு, வீட்டில் மனுசர் யாருக்கும் ஒன்றுமில்லை, பவளத்துக்குத்தான் சீக்கு என்றான்.

“பவளமா? அப்படியொரு மக இருக்கதாச் சொல்லவே இல்லையே நீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அம்மாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். பவளத்தைப் பார்க்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றார். நோயாளி எங்கே என்று கேட்டவரை, முனியராஜ் நேரே தொட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

ராக்கப்பன் குனிந்து பார்த்தான். உயிருள்ளதா, வலிக்குமா என்று விசாரித்தான். பிறகு புதுச்சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தோள்வரை தண்ணீருக்குள் விட்டான். “நான் பிடிச்சுக்கிடுதேன் மச்சான், நீங்க வெட்டுங்க.”

வெட்டியாயிற்று, கல்லில் ஒட்டியாயிற்று. பசை இறுகும்வரை ராக்கப்பன் கையை எடுக்கவில்லை. சட்டை போச்சே என்று அவன் அம்மா புலம்பினார். பொன்மணி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. அவள் மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள். அதுவும் ஆறியது. மூன்றாவது டம்ளரை நீட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் ஒரு பச்சை விரல் மெல்ல நீண்டது. “ஏ, முழிச்சிருச்சு!” என்று முதலில் கத்தியது மாப்பிள்ளையின் அம்மாதான். அந்தச் சந்தோசத்திலேயே தேதியும் குறித்துவிட்டுப் போனார்கள்.

தன்னால் கெட இருந்த சம்பந்தம் எப்படியோ தப்பித்தது என்று முனியராஜ் நிம்மதியாக உட்கார்ந்தான். பொன்மணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, இவுக இப்படிப்பட்டவுகன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, நம்ம வீட்ல ஒட்டுற வியாதி இருக்குன்னு தாயில்பட்டிக்கு நானே ஆள்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன்.”