நானே பார்த்துக்கறேன்

ஏப்ரல் 12: கதவுக் கைப்பிடி, ஒன்று. ரூ. 420.
ஏப்ரல் 13: பிளாஸ்டிக் கிளிப், ஆறு. ரூ. 90.
ஏப்ரல் 15: அதே கிளிப், பன்னிரண்டு. ரூ. 180.
ஏப்ரல் 19: காந்தம் வைத்த கோல், ஒன்று. ரூ. 250.
ஏப்ரல் 20: கதவுக் கைப்பிடி, மறுபடியும் ஒன்று. ரூ. 420.
அன்றே: டிங்சர், பஞ்சு, பிளாஸ்திரி. ரூ. 115.
ஆக ரூ. 1,475. கைப்பிடி மாற்ற மெக்கானிக் சிராஜ் கேட்ட கூலி ரூ. 300.

வாசகர்களே, நம்மிடையே 'நானே பார்த்துக்கறேன்' என்றோர் இனம் வாழ்கிறது. மும்பை செம்பூரில் கட்டடத்துக்கு ஒருவர் வீதம் உண்டு. குழாய் சொட்டினால் இவருக்கு முகம் மலரும். மிக்ஸி நின்றுபோனால் பசி மறக்கும். மெக்கானிக் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும், உப்பில்லாத ரசத்தைக் குடித்தவர் போல் உதட்டைக் கோணுவார். "அவன் என்ன செய்யறான்? நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டறான். பத்து நிமிஷ வேலை!" இந்தப் பத்து நிமிஷம் சராசரியாகப் பதினெட்டு நாள் ஓடும்.

உதாரணத்துக்கு வேங்கடசுப்ரமணியனை எடுத்துக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு. அணுசக்தி நகரில் குடியிருந்து, முப்பத்துநான்கு வருடம், தடித்த கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு அந்தப்பக்கத்துக் கதிரியக்கச் சாமான்களை இரும்புக் கைகளால் எடுத்து வைத்தவர். அவருக்குக் காரின் கதவுக் கைப்பிடி எம்மாத்திரம்?

முன் இடப்பக்கக் கைப்பிடி அவர் மனைவி விசாலாக்ஷியின் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் டிரைவர் பக்கமாக ஏறி, ஹேண்ட்பிரேக்கைத் தாண்டி, கியரைத் தாண்டி, தன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. காய்கறி மார்க்கெட்டுக்குப் பொறுத்தாள். கோவிலுக்கும் பொறுத்தாள். ஆனால் ஏப்ரல் 30 அன்று மாதுங்காவில் அவள் அண்ணா பெண் மானசாவுக்குக் கல்யாணம். எட்டரைக்கு ஊஞ்சல். மணமக்களுக்குப் பச்சைப்பிடி என்ற கலர் சோற்றுருண்டை சுற்றிப் போட வேண்டியவர்களில் விசாலாக்ஷிதான் மூத்தவள்.

"இதோ பாருங்கோ, மடிசாரைக் கட்டிண்டு கியரைத் தாண்டமாட்டேன். அன்னிக்குக் கதவு கதவாத் திறக்கணும். முடியலேன்னா சிராஜைக் கூப்பிடுங்கோ."

"அவன் எதுக்கு? நானே பார்த்துக்கறேன்."

இந்த இனம் வேலையைத் தொடங்குவது கையால் அல்ல, கண்ணால். மூன்று வீடியோ பார்ப்பார். ஒன்று ரஷ்ய மொழியில், ஒன்று மராத்தியில், மூன்றாவதில் பேச்சே இல்லை, தபலா மட்டும். மூன்றிலும் வேறு வேறு கார். அது போதும். கதவின் உள்பலகையைப் பிடித்து இழுப்பார். ஒன்பது கிளிப்பில் ஆறு உடையும். "பழைய பிளாஸ்டிக்" என்பார். புதியது உடைந்தால் "புது பிளாஸ்டிக்" என்பார். கைப்பிடி வாங்கப் போன கடையில் இடதா வலதா என்று கேட்டால், மனக்கண்ணில் காருக்கு எதிரே நின்று பார்த்து, தயங்காமல் தப்பான பதிலைச் சொல்வார். மிஞ்சிய ஸ்க்ரூக்களைக் கண்டு கலங்கமாட்டார். கம்பெனிக்காரனே ரெண்டு அதிகமாகத்தான் போடுவானாம்.

டார்ச் பிடிக்க ஒரு மனைவி அவசியம்.

"எங்கே காட்டறே?"

"நீங்க பார்க்கற இடத்துல."

"நான் பார்க்கற இடத்துல எதுக்கு? பார்க்க வேண்டிய இடத்துல காட்டு!"

அந்த நேரத்தில்தான் விரலிலிருந்து நட்டு நழுவும். டிங். டிடிங். டக். கதவின் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. காந்தக் கோலை உள்ளே விட்டால், அது நட்டைத் தவிர அங்கே இருக்கும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 30, காலை 7.05. "வா, வந்து உட்கார்!" என்று கூப்பிட்டார். மடிசாரும் கையில் பழத்தட்டுமாக விசாலாக்ஷி திறந்திருந்த கதவு வழியாக, பதினெட்டு நாளில் முதல் தடவையாக, மனுஷியைப் போல ஏறி உட்கார்ந்தாள். அவர் கதவைச் சாத்தினார். டப்.

"கேட்டியா? ஷோரூம் சத்தம்!"

"திறங்கோ, பார்க்கலாம்."

இழுத்தார். கைப்பிடி சந்தோஷமாக வெளியே வந்தது, சந்தோஷமாகத் திரும்பிப் போனது. கதவு அசையவில்லை. உள்பக்கம் விசாலாக்ஷி இழுத்தாள். அதே சந்தோஷம், அதே பலன். கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பியை மாட்டாமலே மூடியாயிற்று.

"அப்படியே கியரைத் தாண்டி..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். விசாலாக்ஷி பையிலிருந்து போனை எடுத்துத் தானே சிராஜைக் கூப்பிட்டாள்.

சிராஜ் ஒரே ஒரு திருப்புளியோடு வந்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லி, வெளியிலிருந்தே தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"யாரு சார் இதுல கை வச்சது?"

வேங்கடசுப்ரமணியனின் முப்பத்துநான்கு வருட கௌரவம் அந்த ஜன்னல் விளிம்பில் தொங்கியது. போதாக்குறைக்குக் கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரி நாகராஜ் பால் பாக்கெட்டோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அது... சயான்ல ஒருத்தன்."

"மெக்கானிக்கா?"

"அப்படித்தான் சொல்லிண்டான்."

"அவனுக்குக் கூறு இருக்கா சார்? ராடுக் கம்பிய மாட்டாம கதவ அடைச்சிருக்கான்! ஒம்பது கிளிப்புல மூணுதான் நிக்கி. நல்லவேள, பலகைய ஒழுங்கா மாட்டிருந்தாம்னா இன்னைக்குள்ள தொறக்க முடியாது. உள்ள நட்டு வேற உருளுது. கண்ணு தெரியாதவனா?"

"கொஞ்சம் வயசானவன்" என்று பரிந்து பேசினார்.

"வயசாச்சுன்னா வீட்ல கெடக்க வேண்டியதான? படிப்பறிவு இல்லாத ஆளு போல."

"இல்ல... படிச்சிருக்கான்."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த மெக்கானிக்கை எனக்கு நாற்பத்தோரு வருஷமாத் தெரியும் சிராஜ்."

"அப்ப நீங்களே சொல்லிருங்க மாமி. இனிமே அந்தாளு வண்டிப் பக்கமே வரப்பிடாது."

"காதுல விழுந்திருக்கும்" என்றாள் விசாலாக்ஷி.

தளர்ந்திருந்த பலகையை விலக்கி, இடுக்கில் விரலை விட்டுக் கம்பியை மாட்டினான் சிராஜ். 7.46க்குக் கதவு திறந்தது. 8.24க்கு மாதுங்கா. மண்டப வாசலில் அண்ணா ஜகந்நாதன் ஓடி வந்து தங்கைக்குக் கதவைத் திறந்துவிட்டார். "அடேடே, வெண்ணெய் மாதிரி திறக்கறதே! யார் பண்ணினா?"

வேங்கடசுப்ரமணியன் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நானே பார்த்துண்டேன்" என்றார்.

வாசகர்களே, சிரியுங்கள். ஆனால் அவர் கதவைச் சாத்திய இடத்தில், "அடடா, திறந்து வைத்துக்கொண்டே பூட்டைத் திருப்புளியால் சோதித்திருக்கலாமே" என்று உங்களில் யாராவது முணுமுணுத்திருந்தால், போய்க் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கிரீஸ் இருக்கும். உங்கள் சொசைட்டியிலிருந்தும் ஒரு நாள் அந்தக் கடிதம் வரும்: 'வெளியிலிருந்து வந்து நம் வண்டிகளைக் கெடுக்கும் வயதான மெக்கானிக் ஒருவரைக் கேட்டுக்குள் விடக்கூடாது என வாட்ச்மேனுக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. அவரைக் கண்டவர்கள் உடனே செக்ரட்டரிக்குத் தெரிவிக்கவும்.'

வேங்கடசுப்ரமணியன் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது மே 6, செவ்வாய்க்கிழமை.